ரெண்டு கண் மதகும் மூன்று ஸ்லீப்பர் கட்டையும்

போன ஐப்பசி மழையில் ஒரு காலை எனக்குப் போன் வந்தது. பேசியவர் நாணல்மேடு பகுதித் தண்டவாளத்தை இப்போது பார்த்துக்கொள்கிற இளம் பொறியாளர். நான் வேலை பார்த்த ரயில்வே கேட்டு இன்று அங்கே இல்லை. சாலையைத் தோண்டிக் கீழே இறக்கிவிட்டார்கள், மேலே அகலப்பாதை ரயில் போகிறது. அந்தச் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறதாம், ரெண்டு மோட்டார் போட்டும் வற்றவில்லையாம். "அம்மா, நீங்க அங்க ரொம்ப வருஷம் வேலை பாத்தீங்களாமே. அந்தக் காலத்துல மழைத்தண்ணி எந்தப் பக்கமா வடிஞ்சுது?" என்று கேட்டார்.

மேற்கிலிருந்து கிழக்கே என்றேன். பழைய ரெண்டு கண் மதகு இருந்த இடத்துக்கு அடையாளமும் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, "உங்க அனுபவத்தையெல்லாம் எழுதி வைங்கம்மா, எங்களுக்கு உதவும்" என்றார். மரியாதைக்குச் சொல்லியிருப்பார். அந்த மதகைப் பற்றி நான் அவரிடம் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் தமயந்தி. இப்போது ஒரத்தநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் நாணல்மேட்டில் கேங்மேன், அதாவது தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்தில் ஒருவர். மஞ்சள்காமாலையில் அவர் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு இரண்டு வயது. வாரிசு வேலையாக எனக்குக் கேட் கீப்பர் உத்தியோகம் கொடுத்தார்கள். பதினைந்து நாள் பயிற்சி. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கைவிளக்கு, ஆபத்து வந்தால் தண்டவாளத்தில் வைக்கிற பட்டாசு, ஸ்டேஷனோடு பேச ஒரு போன். பதினாறாம் நாள் ரயில் என்னை நம்பி வந்தது.

நாணல்மேடு என்று தனியாக ஊர் கிடையாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். அதன் நடுவே ஓடுகிற மண்கரை, கரைமேல் மீட்டர்கேஜ் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ரயில்வேக்காரர்களுக்கு எட்டு வீடு. நாளைக்கு நாலு ரயில். மற்ற நேரமெல்லாம் ஒருத்தர் வீட்டு விவகாரத்தை மற்ற ஏழு வீடும் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் கேட்டில் தும்மல் வரும். நீராவி இன்ஜின் நின்றதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். டிரைவர் வெந்நீர் பிடித்துக் கொடுப்பார். எட்டு வீட்டுப் பிள்ளைகளும் அந்த வெந்நீரில் குளித்து வளர்ந்தவைதான்.

கரைக்கு மேற்கே தாழ்வான இடத்தில் கீழத்தெரு இருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் தெரு, முப்பது மண்சுவர் வீடு. அதில் ஒருத்தி அஞ்சலை. தினமும் என் கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாள். போகும்போது வெற்றிலை கேட்பாள், வரும்போது ஒரு முந்தானைக் கீரை போட்டுவிட்டுப் போவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் கேட்டு அறைக்குள் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

கேங்குக்குத் தலைவர் கோவிந்தசாமி மேஸ்திரி. கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவருக்கு ஒரே ஒரு குறை. "சுத்தி அத்தனையும் நெல்லு. நடுவுல உக்காந்துகிட்டு நாம மட்டும் ரேஷன் அரிசி திங்கிறோம். பாக்குறவன் சிரிக்க மாட்டான்?" என்பார். தண்டவாளம் போட்ட காலத்தில் கரைக்கு மண் எடுத்த பள்ளம் கிழக்குப் பக்கம் நீளமாகக் கிடந்தது. அது ரயில்வே இடம். அதைக் கொத்திச் சேறாக்கி, ஐந்து பங்காகப் பிரித்து, சம்பா நட்டோம். நாலு பங்கு கேங்குக் குடும்பங்களுக்கு, ஒன்று எனக்கு. செத்துப்போன மனுஷனின் பங்கு என்று மேஸ்திரியே எனக்கு ஒதுக்கினார். அந்த முதல் அறுப்பில் வந்த அரிசியைச் சோறாக்கி மகளுக்கு ஊட்டியபோது எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

வில்லங்கம் அங்கேதான் இருந்தது. மேற்கு வயல்களிலும் கீழத்தெருவிலும் பெய்கிற மழை, கரைக்கு அடியில் இருந்த ரெண்டு கண் மதகு வழியாகக் கிழக்கே வந்துதான் வடிகாலில் சேரும். வருகிற வழியில் எங்கள் பள்ளத்துப் பயிரை மூழ்கடித்துவிட்டுப் போகும். அதனால் மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். கழித்துப் போட்ட ஸ்லீப்பர் கட்டைகள், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற கனத்த மரங்கள், மூன்றை எடுத்து, மேற்கு முகத்தில் ஒரு கண்ணுக்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, களிமண்ணால் பூசிவிட்டார். ஒரு கண் திறந்திருக்கும், ஒரு கண் மூடியிருக்கும். தண்ணீர் மெதுவாக வரும், பயிர் தப்பும். "மேற்க ரெண்டு நாள் கூடுதலா தண்ணி நிக்கும், அவ்வளவுதானே" என்றார். நாங்களும் அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டோம். களிமண் குழைத்துக் கொடுத்த கைகளில் என்னுடையதும் உண்டு.

எங்கள் பகுதிக்கு இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம். மாதம் ஒருமுறை டிராலியில் வருவார். தண்டவாளத்தின்மேல் நாலு பேர் ஓடித் தள்ளுகிற கை டிராலி அது. அதில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் குடை பிடித்தபடி அவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சோதனை முடிகிற வரை யார் வீட்டிலும் டீ குடிக்க மாட்டார். கேட்டு அறைக்குள் வந்தால் முதலில் கொடித்துணியைப் பிரித்துச் சாயம் போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். அப்புறம் பட்டாசுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்ப்பார். கடைசியாக ஒரு கேள்வி. என் முதல் வருஷம் கேட்டது இது: "கேட்டுக்கு நடுவுல லாரி நின்னுபோச்சு. ரயில் வருது. முதல்ல என்ன பண்ணுவே?"

"லாரியைத் தள்ளச் சொல்லுவேன் சார்."

"லாரி உன்னோடது இல்லம்மா. ரயில்தான் உன்னோடது. அது வர்ற பக்கம் கொடியோட ஓடு. லாரியை அவன் பாத்துக்குவான்." திட்டவில்லை. பதிவேட்டில் 'விதி சொல்லிக் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அதே கேள்வியைக் கேட்டார், அதற்கடுத்த மாதமும் கேட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று ஆன பிறகுதான் விட்டார்.

மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு மதகிலும் இறங்கிப் பார்த்து, 'நீர்வழி சுத்தம்' என்று அவர் எழுத வேண்டும். டிராலி கிளம்பும் செய்தி முதல்நாளே ஸ்டேஷனுக்கு வந்துவிடும். ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் சைக்கிளில் வந்து சொல்லுவார். கேங்கு ஆட்கள் அன்று சாயங்காலமே கட்டைகளைப் பிடுங்கிப் புதருக்குள் போட்டுவிடுவார்கள். மறுநாள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ரெண்டு கண்ணிலும் மூங்கில் கழியை விட்டுப் பார்ப்பார். ஏறி வந்து, கிழக்கே பயிரைப் பார்த்து, "என்ன ரகம் மேஸ்திரி?" என்று கேட்பார். மேஸ்திரி ரகம் சொல்லுவார். டிராலி போன மறுநாள் கட்டைகள் பழைய இடத்துக்கு வந்துவிடும். நாலு வருஷம் இப்படியே நடந்தது. எங்களுக்கு அது தப்பாகவே தெரியாமல் போய்விட்டது.

ஐந்தாம் வருஷம் கார்த்திகையில் மழை பிடித்தது. பயிர் தொண்டைக்கதிராக நின்ற நேரம், இன்னும் பத்து நாளில் கதிர் வெளியே வரும். மூன்று நாள் விடாமல் ஊற்றியது. இரண்டாம் நாளே கட்டையை எடுத்துவிடலாமா என்று நான் மேஸ்திரியிடம் கேட்டேன். "இன்னும் ஒரு நாள் பாப்போம். இப்ப எடுத்தா அஞ்சு பங்கும் போயிடும்" என்றார். நானும் சரி என்றேன். அந்தச் சரியை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் விடிந்தபோது மேற்கே வயல் தெரியவில்லை, வரப்பு தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. கீழத்தெரு ஜனங்கள் ஆட்டையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறிவிட்டார்கள். அஞ்சலை அவள் மாமியாரைத் தோளில் சாய்த்தபடி வந்தாள். ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் கையில் மண்வெட்டி. கரையை வெட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் தெரு வடிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நான் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். மாஸ்டர் காலைப் பாசஞ்சரை அடுத்த ஸ்டேஷனிலேயே நிறுத்திவைத்தார். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். கரை அறுந்தால் அந்த வண்டி எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது.

ராஜமாணிக்கம் சார் அந்த மழையிலும் டிராலியில் வந்து சேர்ந்தார். குடை இல்லை. மண்வெட்டிக்காரர்களில் மூத்தவர் ஒருவர் முன்னால் வந்து, "சார், எங்க வூடெல்லாம் கரையுது. வெட்டத்தான் போறோம். கேசு போட்டுக்குங்க" என்றார்.

"வெட்டித்தான் ஆவணும்னா எடத்த நானே காட்டுறேன்" என்றார் சார். "அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடுங்க. மதகைப் பாத்துடுறேன்."

அவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். சார் கரையோரம் குனிந்து பார்த்தார். ஒரு கண் பக்கம் தண்ணீர் சுழித்து உள்ளே போனது. இன்னொரு கண் பக்கம் அசைவே இல்லை. "இந்தக் கண்ணு ஏன் இழுக்கல?" என்று கேட்டார். ஆகாயத்தாமரை மதகுக்கு முன்னால் மெத்தைபோல் அடைந்து கிடந்தது. மேஸ்திரி அதைக் காட்டி, "தாமரை அடைச்சிருக்கு சார்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு ஓய்வுக்கு இரண்டே வருஷம் இருந்தது. மற்ற மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கையில் இருந்த கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

கேங்கு ஆட்களும் தெரு ஆட்களும் சேர்ந்து மூங்கில் கழியால் தாமரையை இழுத்தார்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அந்தக் கண் மட்டும் இழுக்கவில்லை. கீழத்தெருவில் ஒரு சுவர் விழுந்தது. மண்சுவர் விழுந்தால் பெரிய சத்தம் வராது. கூரை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். அப்புறம் இன்னொன்று சாய்ந்தது. ஐந்து வரை எண்ணினேன். நான் வாயைத் திறந்தால் ஐந்து அடுப்பு அணையும், அதில் ஒன்று என்னுடையது. மகளுக்கு அப்போது ஏழு வயது. இதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான், அஞ்சலை வீடு ஓடவில்லை.

ஆறாவதாகச் சாய்ந்தது அவள் வீடு. மாமியாரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், கிழவி பார்க்காமல் இருக்கட்டும் என்று.

நான் சாரிடம் போனேன். "சார், அது தாமரை இல்ல. உள்ள ஸ்லீப்பர் கட்டை இருக்கு. மூணு. நாங்க வச்சது" என்றேன். மழைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்: "படுக்க வச்சிருக்கா, நிறுத்தி வச்சிருக்கா?"

"படுக்க வச்சு."

"முன்னாடி முட்டுக் குடுத்திருக்கா?"

"ரெண்டு பக்கமும் தண்டவாளத் துண்டு நட்டிருக்கு. கட்டை அதுக்குப் பின்னால."

"அப்ப முன்னால இழுத்தா வராது. மேலதான் தூக்கணும்." அவ்வளவுதான் பேசினார். டிராலியிலிருந்து சங்கிலியும் கொக்கியும் எடுக்கச் சொன்னார். மேல் கட்டையின் ஆணித் துளையில் யாராவது முங்கிக் கொக்கியை மாட்ட வேண்டும். மேஸ்திரி அவர் சொல்வதற்கு முன்பே சட்டையைக் கழற்றிவிட்டார். நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குப் புரிந்திருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு முறை மேலே வந்து மூச்சு வாங்கினார். மூன்றாம் முறை வந்தபோது வலதுகை விரல் இரண்டில் நகம் இல்லை. "மாட்டியாச்சு, இழுங்க" என்றார்.

கரைமேல் நின்று முப்பது பேர் சங்கிலியை இழுத்தோம். எனக்கு முன்னால் அஞ்சலையின் புருஷன், பின்னால் அந்த மண்வெட்டி மூத்தவர். முதல் கட்டை கறுப்பாக மேலே வந்தது. ஆணித் துளையோடு இருந்த கட்டையைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், அது ரயில்வே கட்டை என்று. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். "பழைய கட்டை. வெள்ளத்துல உருண்டு வந்து சிக்கியிருக்கு. ம், அடுத்தது" என்றார் அவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். மேஸ்திரி இன்னும் இரண்டு முறை முங்கிக் கொக்கியை மாட்டினார். மூன்றாவது கட்டை எழும்பியதும் அந்தக் கண் இழுக்க ஆரம்பித்தது. நடுப்பகலுக்குள் மேற்கே இரண்டு சாண் வடிந்துவிட்டது. கிழக்கே எங்கள் பயிர் இருந்த இடம் தெரியவில்லை. மழையும் விட்டது. ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த மூத்தவர் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க தெருவையே காப்பாத்திட்டீங்க" என்றார். மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்து அழுதார். விரல் வலி என்று நினைத்திருப்பார்கள்.

சார் கேட்டு அறையில் வந்து உட்கார்ந்து மதகுப் பதிவேட்டைக் கேட்டார். ஐந்து வாரம் முன்பு அவர் போட்ட கையெழுத்து அதில் இருந்தது. "நீ சொன்னதை எழுதினா அஞ்சு பேருக்கு வேலை போவும். எழுதலேன்னா எனக்குத் தூக்கம் போவும்" என்றார். பிறகு, 'மிதந்து வந்த கட்டை, களையால் அடைப்பு, அகற்றப்பட்டது' என்று எழுதினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"மேற்க பயிரெல்லாம் முழுகிக் கெடக்கையில கிழக்க பள்ளத்துப் பயிரு மட்டும் நிமிந்து நிக்குது. எனக்குக் கண்ணு இல்லையா? நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே போயிட்டேன்." எழுந்து வாசலில் நின்று, "இதை வெளியில சொல்லி யாருக்கும் பிரயோசனம் இல்லம்மா" என்றார். எனக்காகத்தான் சொன்னார். நல்ல மனுஷர்.

வீடு விழுந்தவர்கள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தங்கினார்கள். அஞ்சலை குடும்பத்தை நான் என் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டேன். மூன்று நாள் ஒன்றாகச் சமைத்தோம். "அக்கா இல்லேன்னா எங்க போயிருப்பேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்தப் பேச்சு என்னால் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையை எடுக்காமல் கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "இன்ஸ்பெக்டர்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

"தாமரைய இழுத்துப் பாத்து ஒரு மணி நேரம் ஆனப்புறம்."

"எங்க வூடு அப்பதான் உழுந்துச்சு" என்றாள்.

களைந்த அரிசியை எனக்கே வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, மாமியாரை எழுப்பினாள். ஒரு பாய், ஒரு அண்டா. பிளாட்பாரத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வி.ஏ.ஓ. வந்து விழுந்த வீடுகளைக் கணக்கெடுத்தார். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னாலும், "ரயில்வே ஆளுங்க மதகை அடைச்சு வச்சிருந்தாங்கன்னு பேச்சு அடிபடுதே, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. சொல்லட்டும் என்றுதான் நான் நின்றேன்.

"மழையில உழுந்துச்சு. எழுதிக்குங்க" என்றாள்.

அவர் போன பிறகு பக்கத்தில் போனேன். நான் பேசுவதற்குள், "உங்களுக்காவச் சொல்லல. அஞ்சு வூட்டுலயும் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அதன்பிறகு அவள் வேலைக்குப் போக என் கேட்டுக்கு வரவில்லை. அரை மைல் சுற்றி, மதகுப் பக்கமாக ஏறி இறங்கிப் போனாள்.

பள்ளத்தில் நாங்கள் அதற்குமேல் ஒரு நாற்றுகூட ஊன்றவில்லை. அந்த மூன்று கட்டைகளையும் சார் டிராலியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தை பிறந்ததும் கீழத்தெருவில் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். முதல் நாள் என் டியூட்டி முடிந்ததும் அஞ்சலை வீட்டு மனைக்குப் போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை. குழைத்த மண்ணைச் சட்டியில் அள்ளி நீட்டினேன். சுவரருகே நின்றவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி வைத்தாள். அன்று முழுக்க வாங்கினாள், பேசவில்லை. மறுநாளும் அப்படியே. ஆறு நாள் நான் மண் கொடுத்தேன், அவள் வாங்கினாள். சுவர் இடுப்பளவு வந்தது, தோளளவு வந்தது, தலைக்கு மேலே போனது. ஏழாம் நாள் சாயங்காலம் நான் கை கழுவிக்கொண்டு கிளம்பியபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குக் கீத்து வருது. வெள்ளன வந்தாத்தான் கூரை போட முடியும்."